நுண்ணுயிர்களின் உறவும் தருக்க நெறியும்



சிங்கப்பூரின் முதல் துணை நகரம் என்ற பெருமை படைத்த இந்தக் குவீன்ஸ்டவுன், ரயில்வேத் தொழிலாளர்களாக வந்த தமிழர்கள் வழிபடத் தொடங்கிய முனீஸ்வரனுக்குக் காமன்வெல்த் டிரைவில் கோபுரம் எழக் கண்ட ஊர். 1970ஆம் ஆண்டில் இத்தீவின் முதல் முழுநேரக் கிளை நூலகத்தைப் பெற்ற ஊர். 2003இல் திறக்கப்பட்ட பயோபோலிஸ் என்னும் ஆராய்ச்சி வளாகத்தையும் தன் எல்லைக்குள் கொண்டிருக்கும் ஊர். அவ்வளாகத்தில், 'ஜீனோம்' என்றே பெயரிடப்பட்ட கட்டடத்தில், சிங்கப்பூர் ஜீனோம் ஆய்வுக் கழகம் இயங்கிவருகிறது. அங்கே நிரஞ்சன் நாகராஜன் அவர்களின் குழுவினர் செய்த ஓர் ஆராய்ச்சியை முன்னிட்டு, மனிதக் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்குள் எது எதைச் சார்ந்து நிற்கிறது என்பதைத் தருக்க நெறியால் எவ்வாறு கண்டறிகிறார்கள் என்னும் விஷயத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

எழுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதனின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியங்கள் இருப்பதாக இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் 2016இல் மதிப்பிட்டார்கள். இவற்றுள் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் குடியிருப்பது. அவை தனித்தனியாக வாழ்வதில்லை; ஒன்று உடைத்துப் போட்டதை இன்னொன்று உண்கிறது, ஒன்று கழித்த அமிலம் மற்றொன்றுக்கு ஆகாரமாகிறது. இந்த உண்மையை அறிய நாம் பயோபோலிஸ் வரை போக வேண்டியதில்லை. தேக்காச் சந்தையில் உளுந்து வாங்கி வந்து அரைத்து வைத்த இட்லி மாவில், லூகோனோஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்னும் பாக்டீரியம் முதலில் பெருகி, வாயுவை உண்டாக்கி மாவைப் பொங்கச் செய்து, அமிலத்தைப் பெருக்கி, புளிப்பைத் தாங்கவல்ல பிற பாக்டீரியங்கள் தழைப்பதற்கு வழி செய்கிறது. தயிரில் இந்தச் சம்பந்தம் இன்னும் தெளிவானது. லாக்டோபாசில்லஸ் பல்காரிக்கஸ் பாலிலுள்ள புரதத்தைச் சிதைத்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸுக்கு வேண்டிய அமினோ அமிலங்களைத் தருகிறது. இதுவோ அதற்குக் கைம்மாறாக ஃபார்மிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வழங்குகிறது. இரண்டையும் சேர்த்து வளர்த்தால், தனித்து வளர்த்தபோது கண்டதைவிட விரைவாகப் பால் உறைகிறது.

தயிரில் உள்ளவை இரண்டே இனங்கள். ஆகையால் ஒன்றை நீக்கியும் ஒன்றைச் சேர்த்தும் பரீட்சித்துப் பார்த்துவிடலாம். குடலிலோ ஒரே மனிதனிடத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் பல, காற்றுப் பட்டால் மடிபவை, ஆய்வுக்கூடத் தட்டில் எளிதில் வளராதவை. எனவே, மலத்தில் ஒரு சிறு மாதிரியை எடுத்து, அதிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் பிரித்து, துண்டு துண்டாகப் படித்து, இன்ன துண்டு இன்ன இனத்துக்கு உரியது என்று அடையாளம் கண்டு, ஓர் அட்டவணை எழுதுகிறார்கள். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஒரு மனிதர். ஒவ்வொரு பத்தியும் ஓர் இனம். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு, யாரும் பிரத்தியட்சமாகக் கண்டிராத உறவுகளை அனுமானத்தால் அறிய வேண்டும் என்பதே நம் முன் நிற்கும் பிரச்சினை.

இரண்டு இனங்கள் சேர்ந்து கூடுகின்றனவா, ஒன்று கூடும்போது மற்றொன்று குறைகின்றதா என்று கணக்கிட்டு, ஒப்புறவு எண் ஒன்றைப் பெறுவது பலருக்கும் தோன்றும் முறை. பல காலமாகக் கையாளப்பட்டும் வருகிறது. இந்த முறையில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அட்டவணையிலுள்ள எண்கள் விகிதங்களே ஒழிய உண்மை அளவுகள் அல்ல. ஒரு குடலில் இரண்டு இனங்கள் சரிபாதியாக இருக்க, முதல் இனம் மட்டும் மூன்று மடங்காகப் பெருகினால், அதன் பங்கு 75 சதவீதமாகிறது. இரண்டாவது இனம் ஓர் உயிரைக்கூட இழக்காத நிலையிலும் அதன் பங்கு 25 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. இதைப் பார்த்து, முன்னது பின்னதை அழிக்கிறது என்று எழுதுவது பெரும் பிழை. விகிதங்களை ஒப்பிடுவதால் பொய்யான உறவு தோன்றும் என்று கார்ல் பியர்சன் 1897ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறார். இரண்டாவது குறை, என் அபிப்பிராயத்தில், இதைவிடப் பெரியது. ஒப்புறவு எண்ணுக்குத் திசை கிடையாது. முதலாவதுக்கு இரண்டாவது எவ்வளவு உறவோ, இரண்டாவதுக்கு முதலாவதும் அவ்வளவே உறவு என்று அது சொல்லும். உணவளிப்பவனும் உண்பவனும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

திசையறிந்து பேசும் கலை தருக்கம். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆனால், நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்பது இல்லை, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருந்தும் புகை இல்லையே என்று நியாய சாஸ்திரக்காரர்கள் காட்டினார்கள். மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதை பௌத்தத் தருக்கத்தை விரித்துரைக்குமிடத்தில் இதே புகையும் இதே நெருப்பும் வருகின்றன. ஒன்று இருந்தால் மற்றொன்று இருந்தே தீரும் என்று துணியப்படும் நியதியை வியாப்தி என்றார்கள். 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டே சொற்களைக்கொண்டு இதைச் சொல்லிவிட முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அட்டவணையின் எண்களையும் அவ்வாறே 'உண்டு', 'இல்லை' என்று மாற்றிக்கொண்டால், விகிதங்கள் விளைவிக்கும் குழப்பத்தில் பெரும்பங்கு நீங்கிவிடுகிறது; திசையும் கிடைக்கிறது.

இந்த நியதிகளைக் கணிப்பொறியின் மூலம் தேடும் முறையை 1993ஆம் ஆண்டு ராகேஷ் அகர்வாலும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். மறு ஆண்டு அவரும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் அதை விரைவாகச் செய்யும் மார்க்கத்தைக் கண்டார்கள். அவர்கள் முன்னிட்டது உயிர்நூலை அல்ல, கடைத்தெருவை. லட்சக்கணக்கான ரசீதுகளை வைத்துக்கொண்டு, எதை வாங்குவோர் கூடவே எதை வாங்குகிறார்கள் என்று கண்டுபிடிப்பதே நோக்கம். சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள்: உளுந்து வாங்குவோரில் பெரும்பாலோர் அரிசியும் வாங்குகிறார்கள், அரிசி வாங்குவோரில் உளுந்து வாங்குவோர் சிலரே. ஆகவே, 'உளுந்து இருந்தால் அரிசி உண்டு' என்பது நியதி. 'அரிசி இருந்தால் உளுந்து உண்டு' என்பது நியதியன்று. ஒரு நியதி எத்தனை ரசீதுகளில் காணப்படுகிறது என்பது அதன் ஆதரவு. முற்பகுதி உள்ள ரசீதுகளில் எத்தனை சதவீதத்தில் பிற்பகுதியும் உள்ளது என்பது அதன் உறுதி. அரிசியைப் போல எல்லோரும் வாங்கும் பொருள், எதைச் சொன்னாலும் பின்னால் வந்து நிற்கும். ஆகையால், தற்செயலாக நேரக்கூடியதைவிட எத்தனை மடங்கு மிகுதி என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பயோபோலிஸ் ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையையே குடலுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி நம் ஒவ்வொரு வீட்டையும் தொடுவது. காய்ச்சலுக்கோ புண்ணுக்கோ ஆன்டிபயாட்டிக் மருந்து உட்கொள்ளும்போது, நோய்க்கிருமியோடு குடலின் நல்ல குடிகளும் மடிகின்றன. சிலருக்கு அந்தச் சமுதாயம் விரைவில் பழைய நிலைக்கு மீள்கிறது, சிலருக்கு நெடுங்காலம் மீளாமலே கிடக்கிறது. இந்த வேற்றுமைக்குக் காரணம் யாது? மூன்று கண்டங்களைச் சேர்ந்த நான்கு குழுக்களில் 117 மனிதர்களிடமிருந்து கிடைத்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து, மீட்சி பெற்றோரிடம் 21 பாக்டீரிய இனங்கள் உறுதியாகத் தொடர்புபட்டிருப்பதைக் கண்டார்கள். அந்த 21 இனங்களும் சும்மா உடன் வந்தவையா, மீட்சியை முன்னின்று நடத்தியவையா என்பதை அறிய வேண்டும் அல்லவா? அதற்காக, மெடூசா என்னும் தரவுக் களஞ்சியத்திலிருந்து 782 குடல் மாதிரிகளை எடுத்து, நான் மேலே சொன்ன நியதித் தேடலை அவற்றின்மேல் நடத்தி, எது எதற்கு முன்நிபந்தனையாக நிற்கிறது என்று வரைந்து, ஓர் உணவு வலையை உருவாக்கினார்கள். மீட்சியோடு தொடர்புபட்ட இனங்களில் பல, அந்த வலையின் ஆதார நிலையில் நின்றன. நாம் உண்ணும் நார்ச்சத்தையும், நம் குடற்சுவர் சுரக்கும் சளியிலுள்ள சர்க்கரைத் தொடர்களையும் உடைத்து உண்ணும் ஆற்றல் அவற்றுக்கு இருந்தது. அவை முதலில் குடியேறினால்தான் பிற குடிகள் வந்து தங்குவதற்கு ஆகாரம் கிடைக்கும். 2020ஆம் ஆண்டு 'நேச்சர்' குழுமத்தைச் சேர்ந்த சூழலியல் இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

இரண்டு இரண்டாக இனங்களை ஒப்பிடுவதோடு தருக்கம் நின்றுவிட வேண்டியதில்லை. மூன்று மூன்றாக ஒப்பிடும்போதுதான் அதன் முழுப் பலமும் வெளிப்படுகிறது என்று நான் கருதுகிறேன். இதற்கு வழிகாட்டியது, கலிபோர்னியாவில் பவர்ஸ், கோக்கஸ், ஐசன்பர்க், யேட்ஸ் என்னும் நால்வர் புரதங்களைப் பற்றி 2004இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை. எந்த உயிரினத்தில் எந்தப் புரதம் உண்டு, எது இல்லை என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, இரண்டு புரதங்களின் இருப்பும் இன்மையும் சேர்ந்து மூன்றாவதன் இருப்பைத் தீர்மானிக்கும் வகைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். புரதம் இருந்த இடத்தில் பாக்டீரியத்தையும், உயிரினம் இருந்த இடத்தில் மனிதனின் குடலையும் வைத்தால், அந்தத் தருக்கம் அப்படியே நமக்கும் பொருந்துகிறது.

எத்தனை வகைகள் உண்டு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது இன்பமான காரியம். முதல் இரண்டு இனங்கள், இரண்டும் உண்டு, முன்னது மட்டும் உண்டு, பின்னது மட்டும் உண்டு, இரண்டும் இல்லை என்று நான்கு நிலைகளில் இருக்கலாம். ஒவ்வொரு நிலையிலும் மூன்றாவது இனம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆக 16 விதிகள். இவற்றுள், மூன்றாவது எப்போதும் உண்டு, ஒருபோதும் இல்லை என்னும் இரண்டும் உறவைப் பற்றி எதுவும் சொல்லாதவை. ஓர் இனத்தை மட்டுமே சார்ந்து நிற்கும் நான்கும் இருவர் உறவின்பாற்பட்டவை. எஞ்சிய பத்தில், முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றினால் ஒன்றாகிவிடும் இரட்டைகள் இரண்டு. அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் மிஞ்சுவன எட்டே வகைகள்.

இந்த எட்டில், 'இரண்டும் இருந்தால்தான் மூன்றாவது உண்டு' என்பது ஒன்று. இருவர் சேர்ந்து சமைத்துப் போடும் விருந்துக்கு மட்டும் வரும் விருந்தினன் அது. 'இரண்டில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் போதும்' என்பது இன்னொன்று. யூபாக்டீரியம் ஹாலியை என்னும் இனம் மாவுச்சத்தைத் தானாக உடைத்து உண்ண இயலாதது. பைஃபிடோபாக்டீரியம் அடோலசென்டிஸ் மாவுச்சத்தை உண்டு கழிக்கும் லாக்டிக் அமிலத்தை அது ஏற்று, குடற்சுவரின் உயிரணுக்களுக்கு உணவாகும் பியூட்டிரிக் அமிலமாக மாற்றுகிறது என்பது ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. லாக்டிக் அமிலத்தைத் தருபவர் இவர் ஒருவரே அல்லர். வேறு இனங்களும் உண்டு. எனவே, இங்கே ஒரு கொடையாளியை மட்டும் வைத்து ஒப்புறவு தேடினால் அந்த உறவு மங்கலாகவே தெரியும். 'இதுவோ அதுவோ' என்று கேட்டால்தான் துலங்கும்.

இவ்வகை விதியைச் சோதிக்க, நம் மதுரையில் பிறந்த ஒருவர் தந்த சூத்திரம் உதவுகிறது. 1806ஆம் ஆண்டு மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சென்று, பின்னாளில் லண்டனில் கணிதப் பேராசிரியராகத் திகழ்ந்த அகஸ்டஸ் டி மார்கன், 'ஒன்று அல்லது மற்றொன்று' என்பதன் மறுப்பு 'ஒன்றும் இல்லை, மற்றொன்றும் இல்லை' என்பதே என்று நிலைநாட்டினார். அவருடைய தருக்க நூலும், ஜார்ஜ் பூலின் முதல் தருக்க நூலும் 1847 என்னும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை. இன்றைய கணிப்பொறிகள் யாவும் அந்த இருவரின் தருக்கத்தின் மேல்தான் நடக்கின்றன. கொடையாளிகள் இருவரும் இல்லாத குடல்களை மட்டும் தனியே பிரித்தெடுங்கள்; அங்கே மூன்றாவது இனம் காணப்படவில்லையென்றால் விதி நிற்கிறது; காணப்பட்டால், நாம் அறியாத வேறொரு கொடையாளி இருக்கிறான், அல்லது விதியே பிழை. டி மார்கனின் சூத்திரம், எந்த வரிசைகளில் தேட வேண்டும் என்பதை நமக்குச் சொல்லிவிடுகிறது.

எட்டு வகைகளில் மிக விசித்திரமானது, 'இரண்டில் சரியாக ஒன்று மட்டும் இருந்தால் மூன்றாவது உண்டு. இரண்டும் இருந்தாலும், இரண்டும் இல்லாவிட்டாலும் அது இல்லை' என்பது. நூறு மனிதர்களைப் பாவனையாக எடுத்துக்கொண்டு, நான்கு நிலைகளிலும் இருபத்தைந்து இருபத்தைந்து பேர் இருப்பதாகக் கொள்வோம். முதல் இனம் உள்ள ஐம்பது பேரில் இருபத்தைந்து பேருக்கு மூன்றாவது இனம் உண்டு. முதல் இனம் இல்லாத ஐம்பது பேரிலும் இருபத்தைந்து பேருக்கு உண்டு. இரண்டாவது இனத்தைக் கேட்டாலும் அதே விடைதான். இருவர் இருவராகக் கேட்டால் உறவே இல்லை. மூவரையும் சேர்த்துக் கேட்டால் ஐயத்துக்கு இடமில்லாத உறவு. இருவர் உறவுகளைக் கோடிக் கணக்கில் கூட்டிச் சேர்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவு பலமுள்ள கருவிக்கு அவ்வளவு பலமுள்ள கட்டுப்பாடும் தேவை. 200 இனங்களை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட இரட்டைகள் 19,900. மூவர் கூட்டங்களோ 13,13,400. ஒவ்வொரு கூட்டத்திலும் யார் மூன்றாமவர் என்பதற்கு மூன்று வழிகள். ஒவ்வொரு வழியிலும் எட்டு வகைகள். ஆக மூன்று கோடியே பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட விதிகளைச் சோதிக்கிறோம். இத்தனை கோடியில் தற்செயலாகவே பல விதிகள் மெய்போலத் தோன்றும். எனவே, ஒவ்வோர் இனத்தின் 'உண்டு', 'இல்லை'களையும் மனிதர்களுக்கிடையே கண்டபடி மாற்றிப் போட்டு, உறவே இல்லாத பொய் அட்டவணைகளைப் பலமுறை செய்து, அவற்றில் எத்தனை விதிகள் முளைக்கின்றன என்று பார்த்து, அதைவிடத் தெளிவாக ஓங்கி நிற்பவற்றையே ஏற்க வேண்டும்.

'இல்லை' என்னும் சொல்லையும் எளிதில் நம்பிவிடக் கூடாது. நம் முன்னோர் அபாவத்தையும் ஓர் அளவையாகக் கொண்டவர்கள். சிவஞான சித்தியாரிலும் அது அளவைகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆனால், இன்மையை அறிவதற்கு மீமாம்சகர்கள் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் அது கட்டாயம் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும். வெளிச்சமுள்ள அறையில் குடம் காணப்படவில்லையென்றால் குடம் இல்லை; இருட்டறையில் காணப்படவில்லையென்றால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு மாதிரியின் டி.என்.ஏ.வைக் குறைவாகப் படித்திருந்தால், அரிதாக வாழும் இனம் இருந்தும் அட்டவணையில் வராது. அந்த வெற்றிடத்தை 'இல்லை' என்று எழுதி, அதன்மேல் விதிகளைக் கட்டுவது இருட்டறையில் குடத்தைத் தேடிய கதையே. ஒவ்வொரு மாதிரியையும் ஒத்த ஆழத்துக்குப் படித்திருக்கிறோமா, எந்த அளவுக்குக் கீழே போனால் 'உண்டு' என்று கொள்ளமாட்டோம் என்பவற்றை ஆராய்ச்சியாளர் முன்கூட்டியே முடிவு செய்து, அந்த எல்லையைச் சற்று மாற்றினாலும் விதி நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, உபாதி. நெருப்புள்ள இடத்தில் புகை உண்டு என்று ஒருவன் துணிந்தால், ஈர விறகு என்னும் மறைந்து நிற்கும் நிபந்தனையை அவன் மறந்துவிட்டான் என்பர் நியாய நூலார். நம் ஆராய்ச்சியில் உணவு அப்படிப்பட்ட உபாதி. கேழ்வரகும் கீரையும் உண்ணும் வீட்டாரின் குடலில் நார்ச்சத்தை விரும்பும் இரண்டு இனங்கள் எப்போதும் சேர்ந்தே காணப்படலாம். ஆனால், அவற்றுக்குள் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாமல், இரண்டும் ஒரே பந்தியில் தனித்தனியே உண்டு எழுபவையாக இருக்கலாம். வயது, உட்கொள்ளும் மருந்து, குடலில் உணவு தங்கும் நேரம் ஆகிய யாவும் உபாதிகளே. இந்த ஊரில் இதற்கு ஒரு நற்பேறு உண்டு: சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அடுத்தடுத்த கதவுகளில் குடியிருந்து, வெவ்வேறு உணவை உண்டு வாழ்கிறார்கள். ஒரு விதி மூன்று சமூகத்தாரிடமும் தனித்தனியே நின்றால், உணவு என்னும் உபாதியைப் பற்றிய சந்தேகம் பெரிதும் குறைகிறது. அதே கழகத்தார் சிங்கப்பூரர் 109 பேரின் குடல் நுண்ணுயிர்களை மிக ஆழமாகப் படித்து 2022இல் வெளியிட்டிருக்கும் தொகுப்பு, ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் மட்டுமே வைத்து விதி எழுதும் குறையை நீக்குவதற்கு அவசியமான முயற்சி.

இத்தனை காவல்களையும் கடந்து வந்த விதியும் ஓர் அனுமானமே. பரீட்சையில்தான் அது நிச்சயமாகும். நாகராஜன் குழுவினர் அதையும் செய்தார்கள். தங்கள் உணவு வலை சுட்டிக் காட்டியவற்றுள் பாக்டீராய்டஸ் தீட்டாஅயோட்டாமைக்ரான், பைஃபிடோபாக்டீரியம் அடோலசென்டிஸ் என்னும் இரண்டைத் தேர்ந்து, எலிகளை வைத்துச் சோதித்தார்கள். மருந்தால் வெறுமையான குடலில் அவை நுண்ணுயிர்களின் மீட்சியை முடுக்கின. இரண்டும் சேர்ந்தபோது ஒன்றன் பலத்தை மற்றொன்று பெருக்கியது. தொடக்க நாட்களில் நுண்ணுயிர்களின் அளவு ஏறத்தாழ நூறு மடங்கு உயர்ந்தது. பல்வகைமையும் விரைவாகத் திரும்பியது. 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு சொற்களை 782 வரிசைகளில் வைத்துத் தேடி, அதன் முடிவாக இரண்டு உயிர்களின் பெயரைச் சொல்ல, அந்த இரண்டும் சொன்னபடியே நடந்துகாட்டின என்றால், தருக்கத்துக்கு இதைவிட வேறு என்ன கௌரவம் வேண்டும்? எலி மனிதன் ஆகாது என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும், கடையில் கண்ட பொடியை வாங்கி விழுங்கி, குடல் மீளும் என்று நம்புவதற்கும், எந்த இனத்தை எந்த இனத்தோடு, எந்த உணவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று காரணத்தோடு தேர்வதற்கும் உள்ள தூரத்தில் முதல் அடி எடுத்து வைக்கப்பட்டுவிட்டது.

அடுத்த அடிக்குக் காலம் என்னும் பரிமாணம் வேண்டும். ஒருவரிடம் ஒரே ஒரு நாள் எடுத்த மாதிரி, யார் யாருடன் இருக்கிறார் என்பதைச் சொல்லும். யார் வந்த பிறகு யார் வந்தார் என்பதைச் சொல்லாது. அந்தக் கழகத்தாரே 2019இல் வெளியிட்ட 'பீம்' என்னும் கணக்கு முறை, ஒரே மனிதரிடம் தொடர்ந்து எடுத்த மாதிரிகளைக்கொண்டு, விகிதங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும் உண்மை அளவையும், ஓரினம் இன்னோரினத்தின் பெருக்கத்தை எவ்வளவு தூண்டுகிறது அல்லது தடுக்கிறது என்பதையும் ஒருங்கே மதிப்பிட முயல்வது. அதற்கு வேண்டியது விலையுயர்ந்த இயந்திரம் மட்டுமன்று. வாரக்கணக்கில், மாதக்கணக்கில், தயக்கமின்றித் தம் மலமாதிரியைக் கொடுக்கவும், உண்டதையும் உட்கொண்ட மருந்தையும் உள்ளபடி எழுதித் தரவும் இசையும் மனிதர்களும் வேண்டும். இத்தகைய ஆராய்ச்சிக்கு அழைப்பு வரும்போது நம்மவர்கள் கூச்சத்தால் விலகிவிட்டால், நாம் உண்ணும் சோற்றையும் மோரையும் கீரையையும் அறியாத விதிகளே நம் குடலைப் பற்றி எழுதப்படும். உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். அழைப்பு வந்தால், ஒப்புதல் படிவத்தை நன்றாகப் படித்துப் பார்த்து, ஐயமிருந்தால் கேட்டுத் தெளிந்து, நீங்களும் இசையுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.